மூன்று பிரவுசர்களும் ஒரு வேலூர் தேதியும்

எங்கள் கட்டடத்தில் வேலூர் இலாகா என்னுடையது. யாரும் எழுதிக் கொடுத்த பதவி இல்லை, தானாக வந்து சேர்ந்தது. டாக்குரியா ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருக்கிறோம். அங்கே நாங்கள் ஒரே தமிழ்க் குடும்பம். கொல்கத்தாவில் யாருக்காவது உடம்பு பெரிதாகக் கெட்டுப்போனால் இங்கே இரண்டு டாக்டரைப் பார்ப்பார்கள், மூன்றாவதாக வேலூருக்குக் கிளம்புவார்கள். 'பெலோர்' என்பார்கள். ஹவுராவில் சென்னை வண்டி ஏறிப் பார்த்தால் தெரியும், பாதிப் பேர் மடியில் எக்ஸ்ரே உறை இருக்கும். வேலூர் தமிழ்நாட்டில் இருக்கிறது, நான் தமிழன், ஆகவே ஆஸ்பத்திரியில் தேதி வாங்கித் தருவது என் வேலை என்று கட்டடம் முடிவு செய்துவிட்டது. நான் வேலூரில் கால் வைத்ததே ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு கல்யாணத்துக்கு.

உண்மையைச் சொன்னால் என் தமிழுக்கு இதில் எந்த வேலையும் இல்லை. தேதி வாங்குவது இன்டர்நெட்டில், ஆங்கிலத்தில். அங்கே போய் இறங்கினால் லாட்ஜ்காரர்களும் ஆட்டோக்காரர்களும் வங்காளத்தில் விசாரிக்கிறார்களாம். ஆனாலும் எனக்கு அந்த இலாகா பிடித்திருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். துர்கா பூஜைக் கமிட்டியில் நாற்காலி அடுக்க மட்டும் என் ஞாபகம் வரும். கட்டடக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தால் பாதியில் யாராவது தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்கள். வேலூர் என்றால் மட்டும் என் வீட்டு மணி அடிக்கும், 'தாதா, கொஞ்சம் பாருங்களேன்' என்பார்கள். தாதா என்றால் இங்கே அண்ணன், வயசில் மூத்தவர்களும் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இந்த இலாகாவின் ஒரே சொத்து எங்கள் ஹாலின் மூலையில் இருந்த டெஸ்க்டாப். மகள் கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது. அவள் படித்து முடித்து, சால்ட் லேக்கில் ஐ.டி. கம்பெனியில் சேர்ந்து, லேப்டாப்புக்கு மாறிய பிறகு அது எனக்கு வந்தது. அதில் எல்லோரும் வைத்திருக்கும் அதே பிரவுசர்தான் இருந்தது. ஐகானைச் சொடுக்கிவிட்டு நான் குளித்துவிட்டு வரலாம், வந்த பிறகும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் விசிறி டிராம் வண்டி மாதிரி சத்தம் போடும். ஓய்வு பெற்றவனுக்கு என்ன அவசரம் என்று அதோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அவசரம் பக்கத்து ஃபிளாட்டிலிருந்து வந்தது. அங்கே ஒரு ரிட்டயர்டு பூகோள வாத்தியாரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பாடா, அதாவது எங்கள் பேட்டை, முழுக்க அவரை 'மாஷ்டார்மொஷாய்' என்று கூப்பிடும், நான் சுருக்கமாக மாஸ்டர் என்பேன். அவர் மனைவி எனக்குப் பௌதி, அதாவது அண்ணி. மாஸ்டரின் குரல் எங்கள் சந்துக்கே சொந்தம். ஃபுட்பால் நடக்கும் நாட்களில் யாரும் டிவி போட வேண்டியதில்லை, அவர் பால்கனியிலிருந்து கத்துவதை வைத்தே எந்த டீம் கோல் போட்டது, எந்தப் பையன் சொதப்பினான் என்பது வரைக்கும் தெரிந்துவிடும். எனக்கு அது எரிச்சலாகக்கூட இருந்திருக்கிறது. மத்தியானத் தூக்கத்தை எத்தனை தடவை கெடுத்திருக்கிறார்!

சித்திரை வெயிலில் அவர் குரல் கம்மியது. சளி என்றார்கள், கத்திக் கத்தித்தான் என்று நானே கேலி செய்தேன். ஆனி பிறந்தும் சரியாகவில்லை. இங்கே பார்த்த டாக்டர் தொண்டையில், குரல் வரும் இடத்திலேயே, கட்டி என்றார். குரல்வளையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். இரண்டாவது டாக்டர் கொஞ்சம் இறங்கி வந்தார். வேலூரில் ஒரு டாக்டர் இருக்கிறார், சீக்கிரம் போனால் குரலை மிச்சம் வைத்து ஆபரேஷன் செய்ய முடியுமா என்று அவர் பார்த்துச் சொல்வார், தள்ளிப்போடாதீர்கள் என்றார். பௌதி அன்று சாயங்காலமே ஃபைலைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தாதா, இது மட்டும் சீக்கிரம் கிடைக்கணும்," என்றார். வங்காளத்தில்தான் சொன்னார். எங்களுக்குள் பேச்சு எப்போதும் வங்காளம்தான், அது என் மண்டைக்குள் தமிழாகித்தான் நிற்கிறது.

அந்த டாக்டருக்கான தேதிகள் புதன்கிழமை காலை எட்டு மணிக்குத் திறக்கும். சில நிமிஷங்களில் எல்லாம் தீர்ந்துவிடும். முதல் புதன்கிழமை ஏழரைக்கே உட்கார்ந்துவிட்டேன். பௌதி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். எட்டு மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். திரை வெள்ளையானது. வட்டம் சுற்றியது. மறுபடி அழுத்தினேன். பக்கம் 'பதிலளிக்கவில்லை' என்று ஒரு பெட்டி வந்தது. காத்திருக்கவா, மூடவா என்று என்னையே கேட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கம் திறந்தபோது எல்லாத் தேதிகளும் சாம்பல் நிறத்தில் இருந்தன. மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன், காலியாக இருந்த காபி டம்ளர் கீழே உருண்டது.

"பரவாயில்ல தாதா, அடுத்த புதன்கிழமை," என்று பௌதிதான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

அன்று சாயங்காலம் மகள் ஷூவைக் கழற்றும் முன்பே அவளிடம் நடந்ததைச் சொல்லிக் குமுறினேன். "பாபா, ரேம் ஒண்ணு சேத்துப் போடுங்க, அவ்ளோதான். இல்லாட்டி அடுத்த வாரம் நானே போட்டுத் தர்றேன், என் லேப்டாப்ல," என்றாள். அப்பா என்று அவள் கூப்பிட்டுப் பல வருஷமாகிறது. அலுவலக லேப்டாப்பில் வெளிவேலை செய்யக் கூடாது என்று நான் அவளுக்கு ஒழுக்கம் போதித்தேன். உண்மை என்னவென்றால், வேலூர் இலாகாவை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. மொபைலில் செய்யலாமே என்று மனைவி கேட்டாள். அந்தத் துக்கடா எழுத்துகள் என் விரலில் சிக்காது என்றேன். இதில் பாதி உண்மை.

ஆக, வேகமான வேறு பிரவுசர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தேன். நான் வேலை பார்த்தது அரசு நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில். அங்கே ஒரு பூட்டு வாங்குவதென்றாலும் மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பிவிட்டுத்தான் கையெழுத்து. வீட்டுக்கு மிக்ஸி வாங்கும்போதும் நான் பட்டியல் போட்டிருக்கிறேன், மனைவி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். பிரவுசருக்கும் கோடு போட்ட தாளை எடுத்து, மூன்று பெயரை எழுதி, பதினோரு கட்டம் போட்டேன். திறக்க எத்தனை நொடி, ஆஸ்பத்திரிப் பக்கம் வர எத்தனை நொடி, நினைவகம் எவ்வளவு தின்கிறது, விளம்பரத்தைத் தடுக்கிறதா, இப்படி. சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்துப் பார்த்துக் குறித்தேன்.

முதலாவது மெலிசானது. பட்டென்று திறந்தது, ஆனால் ஆஸ்பத்திரிப் பக்கத்தில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன. இரண்டாவது ஒரு திருவிழா. திறந்தவுடன் வானிலை, கிரிக்கெட், ராசிபலன், செருப்புக் கடை எல்லாம் ஓடி வந்து முகத்தில் விழுந்தன. மூன்றாவதுதான் ஆள். சொடுக்கிய விரலை எடுக்கும் முன் திறந்தது. விளம்பரம் கிடையாது, பின்தொடர்பவன் கிடையாது, எதையும் உள்ளே விடாது. மேலே ஒரு மூலையில் சின்னக் கேடயம் ஒன்று இருக்கும். அன்றைக்கு எத்தனை சமாசாரங்களைத் தடுத்து நிறுத்தியது என்று அதில் எண் ஏறிக்கொண்டே போகும். நான் அதை ஸ்கோர் பார்ப்பது மாதிரி பார்த்தேன். "இன்னிக்கு முன்னூத்திப் பன்னெண்டு," என்று மனைவியிடம் சொன்னேன். "எதை?" என்றாள். எனக்கும் தெரியவில்லை.

நிறுவும்போது அது ஒரு கேள்வி கேட்டது. தடுப்பு எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும்? சாதாரணம், நடுத்தரம், கடுமை. கொள்முதல் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் இருப்பதில் உயர்ந்ததைத்தான் கேட்பான். கடுமை என்று குறித்தேன். சில பக்கங்கள் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று கீழே ஒரு வரி இருந்தது. அதைப் படித்தேன். படித்துவிட்டுச் 'சரி' என்று அழுத்தினேன். இதில் பிரவுசரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பழைய பிரவுசரை அதே கையோடு நீக்கியும் விட்டேன். "ரெண்டும் இருந்துட்டுப் போகட்டுமே, அது என்ன சோறா கேக்குது?" என்றாள் மனைவி. எனக்கு அதன்மேல் அவ்வளவு கோபம். பௌதிக்கு முன்னால் என் மானத்தை வாங்கிய சனியன் அது.

அந்த வாரம் தினமும் ஒத்திகை பார்த்தேன். ஆஸ்பத்திரிப் பக்கத்தைத் திறப்பது, டாக்டரைத் தேடுவது, மாஸ்டரின் பெயரையும் வயதையும் நிரப்புவது, எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது. கடைசிப் படியை மட்டும் ஒத்திகை பார்க்க முடியாது, தேதி இருந்தால்தானே அழுத்த முடியும். என் பட்டியலில் பதினோரு கட்டம் இருந்தது. வேலை முடிகிறதா என்று ஒரு கட்டம் இல்லை.

இரண்டாவது புதன்கிழமை. மழை பெய்து சந்தில் கணுக்கால் தண்ணீர். பௌதி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே பால் வாங்கிவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். எட்டு அடித்தது. பக்கம் வந்து நின்றது. இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை பச்சையாக இருந்தது. தொட்டேன், நிரப்பினேன், அழுத்தினேன். 'உங்கள் கோரிக்கை பெறப்பட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் பத்து இலக்க எண்ணும் வந்தன. கேடயத்தில் எண் ஒன்று ஏறியது. அதையும் ரசித்தேன்.

பௌதி அழுதுவிட்டார். என் தலையில் கை வைத்து என்னவோ சொன்னார், அவர் என்னைவிட இரண்டு வயசுதான் மூத்தவர். அரை மணியில் அவர்கள் வீட்டிலிருந்து சந்தேஷ் இனிப்பு வந்தது. மாஸ்டர் வாசலில் நின்று, மிச்சமிருந்த குரலில், "வேலூர் மந்திரி!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு முழுக்க என் பட்டியலை மகளிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன். அவர்கள் ரயில் டிக்கெட் எடுத்தார்கள், லாட்ஜுக்குச் சொன்னார்கள்.

ஐந்து நாள் கழித்து, திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரிக் கடிதத்தை அச்செடுக்க உட்கார்ந்தேன். பத்து இலக்க எண்ணைப் போட்டேன். அந்த எண்ணில் பதிவு இல்லை என்றது. தப்பாக அடித்துவிட்டேன் என்று மறுபடி போட்டேன். இந்தத் தடவை கீழே உள்ளதையும் படித்தேன்: உரிய நேரத்தில் உறுதி செய்யப்படாததால் காலாவதியானது.

புரிவதற்கு நேரம் பிடித்தது. கோரிக்கை போட்டதும் உறுதி செய்யும் பக்கம் தனிச் சன்னலாகத் திறக்கும், கால் மணிக்குள் அதில் ஒப்புதல் கொடுக்க வேண்டும். முன்பு மற்றவர்களுக்குத் தேதி வாங்கியபோதெல்லாம் அது திறந்தது, நானும் கொடுத்தேன். பழக்கத்தில் செய்ததால் அப்படியொரு படி இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இந்தத் தடவை அந்தச் சன்னலைக் கேடயம் தடுத்துவிட்டது. அதன் பட்டியலைத் திறந்து பார்த்தேன். புதன்கிழமை, எட்டு மணி இரண்டு நிமிஷம், ஒரு சன்னல் தடுக்கப்பட்டது. நான் ரசித்த அந்த ஒன்று இதுதான். ஆஸ்பத்திரி மெயிலும் அனுப்பியிருந்தது. புதுப் பிரவுசர் மூடும்போதெல்லாம் என்னை மெயிலிலிருந்து வெளியே தள்ளிவிடும், பாஸ்வேர்டு ஞாபகம் வராமல் ஐந்து நாளாக நான் மெயிலே பார்க்கவில்லை.

சமையலறையிலிருந்து மனைவி, "பிரின்ட் வந்துதா?" என்றாள்.

"மை தீந்துபோச்சு," என்றேன்.

முதல் பொய் இவ்வளவு சின்னதாகத்தான் இருந்தது. என் யோசனை இதுதான்: நாளை மறுநாள் புதன்கிழமை. எப்படியாவது வேறு தேதி வாங்கிவிடுகிறேன், வாங்கின பிறகு சொல்லிக்கொள்ளலாம். கையில் ஒன்றுமில்லாமல் போய் நின்றால் அவர்கள் பதறுவார்கள். இரண்டு நாள்தானே. அவர்களுக்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கிட்டத்தட்ட நம்பவும் செய்தேன்.

அன்று சாயங்காலம் பௌதி டீ குடிக்கக் கூப்பிட்டார். போகாமல் இருந்திருக்கலாம், போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று போனேன். மாஸ்டர் ஒரு நோட்டில் பயணத்துக்கு எடுத்துப்போக வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தார். பேசினால் வலிக்கிறது என்று அதற்குள் பாதியை எழுதிக்காட்ட ஆரம்பித்திருந்தார். சோபாவில் உட்கார்ந்து கப்பைக் கையில் வாங்கியபோது பௌதியின் போன் அடித்தது. ஐதராபாதிலிருந்து அவருடைய தம்பி. அங்கே தொண்டைக்குப் பேர்போன ஒரு டாக்டரிடம், தெரிந்தவர் மூலமாக இந்த வெள்ளிக்கிழமைக்கே தேதி கிடைத்திருக்கிறது, உடனே சொன்னால் உறுதி செய்துவிடுகிறேன் என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் எனக்குக் கேட்டது.

"எதுக்குடா ரெண்டு இடம்? இங்க தாதா வேலூர்ல தேதி வாங்கிட்டார், எல்லாம் உறுதி," என்றார் பௌதி. பிறகு என்னைப் பார்த்து, "உறுதிதானே தாதா?" என்றார்.

நான் தலையாட்டினேன். வாயைத் திறந்து சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். அதையே பிற்பாடு பல நாள் ஒரு சமாதானமாக வைத்திருந்தேன், எவ்வளவு கேவலம் என்று இப்போது தெரிகிறது. மாஸ்டர் நோட்டில் எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டினார்: 'மந்திரி இருக்கும்போது கவலை எதற்கு.' நான் சிரித்தேன். டீயை முழுக்கக் குடித்தேன்.

புதன்கிழமை பழைய பிரவுசரையும் திரும்பக் கொண்டுவந்தேன், புதியதின் கேடயத்தையும் இறக்கி வைத்தேன். இரண்டையும் அக்கம்பக்கமாகத் திறந்து உட்கார்ந்தேன். தேதி கிடைத்தது. ஒப்புதல் சன்னல் தானாக வந்து நின்றது. இவ்வளவு சுலபமான வேலை அது. ஆனால் கிடைத்த தேதி முந்தைய தேதியைவிட மூன்று வாரம் தள்ளி.

பௌதியிடம் போய், டாக்டர் லீவு போட்டுவிட்டார், தேதி மாறிவிட்டது என்றேன். இரண்டாவது பொய் சரளமாக வந்தது. அவர் உடனே ஐதராபாதுக்கு போன் போட்டார். வெள்ளிக்கிழமைத் தேதி திங்கட்கிழமையே வேறு யாருக்கோ போய்விட்டது, இனிமேல் அங்கேயும் ஒரு மாதம் ஆகும். பௌதி போனை வைத்துவிட்டு, "நம்ம நேரம்," என்றார். பிறகு ரயில் டிக்கெட்டை மாற்ற வேண்டுமே என்று எழுந்து போனார்.

அவர்கள் கிளம்பும்வரை இருந்த நாட்களை நான் ஒளிந்தே கழித்தேன். பால்கனிப் பக்கம் போவதில்லை. காபித் தூள் இருக்கும்போதே காபித் தூள் வாங்க லேக் மார்க்கெட் போனேன். வழக்கமான கடையில் சுண்டைக்காய் வற்றல், அப்பளம் என்று தேவையில்லாததை எல்லாம் விசாரித்துக்கொண்டு நின்றேன். சந்தில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறங்க ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் மேட்ச். கட்டடமே அமைதியாக இருந்தது. மாஸ்டர் பால்கனியில் நின்று கீழே இருக்கும் டீக்கடைக்காரருக்கு விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று கோல் கணக்குக் காட்டியதை நான் எங்கள் ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். மத்தியானத் தூக்கத்துக்கு அன்று ஒரு இடைஞ்சலும் இல்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அவர்கள் போனார்கள். திரும்பி வர ஒன்றரை மாதம் ஆனது, பூஜையும் முடிந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. இன்னும் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டாராம், பௌதி என் மனைவியிடம் சொன்னார். டாக்டர்கள் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது என்று மனைவி தேற்றியிருக்கிறாள். மூன்று வாரத்தில் என்ன மாறியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. முன்னே போயிருந்தாலும் இதே முடிவுதானோ என்னவோ. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் சாமியிடம் கேட்டுக்கொண்டேன். நடந்து முடிந்ததற்காக வேண்டிக்கொள்வது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் கேட்டேன்.

கடைசியில் வீட்டில் சொன்னேன். மகள் உடனே, "இட்ஸ் ஜஸ்ட் எ செட்டிங், பாபா. யாருக்கு வேணா நடக்கும். ஃபார்ம் போடறப்போ உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது, அவ்வளவு இதமாக இருந்தது அந்த வார்த்தை. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் கூட வரமாட்டேன்," என்றாள்.

மாஸ்டர் பயிற்சிக்குப் போயிருந்த ஒரு காலை வேளையில் போனேன். குரல் இல்லாமல் பேசுவதற்கு ஏதோ பயிற்சி, வாரம் இரண்டு நாள். சட்டைப் பையில் இரண்டு தாள்களை மடித்து வைத்திருந்தேன். ஒன்று என் ஒப்பீட்டுப் பட்டியல், இன்னொன்று கேடயம் தடுத்தவற்றின் அச்சுப் பிரதி. ஆதாரமில்லாமல் எந்த ஃபைலையும் மேலே அனுப்பாத ஆள் நான்.

பௌதி கட்டிலில் உட்கார்ந்து, கழுத்தில் கட்டும் துணிகளைச் சின்னச் சதுரங்களாக வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஆதியிலிருந்து ஆரம்பித்தேன். பழைய பிரவுசர் எவ்வளவு மெதுவாக இருந்தது, ஏன் மாற்ற வேண்டி வந்தது, மூன்றில் இதை எதற்காகத் தேர்ந்தெடுத்தேன், கேடயம் என்பது என்ன, சன்னல் எப்படித் தடுக்கப்பட்டது. தாள்களை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். கோர்வையாகத்தான் சொன்னேன், ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்தேன். அவர் தாள்களைத் தொடவில்லை. கத்தரிக்கோல் மட்டும் நின்றுவிட்டது.

"எப்போ தெரிஞ்சுது?" என்றார்.

"திங்கக்கிழமை."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "என் தம்பி போன் பண்ணானே, அதுவும் திங்கக்கிழமைதான்."

"ஆமா."

"காலைலயா தெரிஞ்சுது, நீங்க இங்க வந்துட்டுப் போனதுக்கப்புறமா?"

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் பதில் தயாரித்துக்கொண்டு போயிருக்கவில்லை. போன பிறகுதான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். என் தாள்களில் அந்த விவரம் எங்கும் இல்லை.

"காலைல," என்றேன்.

பௌதி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சதுரத் துணிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஓரங்களைச் சரிசெய்து, டப்பாவில் போட்டு மூடினார். மூடியின்மேலேயே கையை வைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி பேசினார்.

"இவர்கிட்ட சொல்லிடாதீங்க. பாக்க வர்றவங்ககிட்டல்லாம் உங்களப் பத்தித்தான் எழுதிக் காட்டுறார். பக்கத்து வீட்டுக்காரர் இல்லன்னா நான் உயிரோட இல்லன்னு. அதையும் அவர்கிட்டருந்து எடுத்துடாதீங்க."

தாள்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு பௌதி எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அடுத்த பரிசோதனைக்கான தேதியை அவரே தன் மொபைலில் வாங்கிவிட்டதாக மனைவி சொன்னாள். மாஸ்டர் மட்டும் மாடிப்படியில் என்னைப் பார்த்துவிட்டால் நின்று, பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்புகிறார். நானும் கூப்புகிறேன்.